காப்புரிமை என்னிடம், மெஷின் அவர்களிடம்: கோர்ட்டுக்குப் போவதா வேண்டாமா?

குறிச்சி_லேத்:
எல்லோருக்கும் வணக்கம். கோவை சிட்கோவில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். சின்ன வெங்காயம் தோல் உரிக்கும் மெஷின் செய்கிறோம். ஊறுகாய்க் கம்பெனி, கேட்டரிங், மசாலா மில் என்று வாங்குகிறார்கள். ரெண்டு உருளை உள்பக்கமாகச் சுழலும், வெங்காயம் அதன்மேல் உருண்டுகொண்டே நகரும், கம்ப்ரஸர் காற்று சாய்வாக வந்து தோலைக் கிளப்பிவிடும். இதில் எங்கள் வேலை காற்றுக் குழாயின் சாய்வில்தான் இருக்கிறது. உருளையின் வேகம் மாறினால் குழாயின் கோணமும் சேர்ந்து மாறும். அதனால் பொடி வெங்காயமும் அடிபடாது, பெரிய பல்லும் பாதித் தோலோடு வெளியே வராது.

விண்ணப்பம் போட்டு ஏழு வருடம், காப்புரிமை கைக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. புதுப்பிப்புக் கட்டணம் தவறாமல் கட்டி வருகிறோம். மெஷின் தகட்டில் காப்புரிமை எண்ணும் அடித்திருக்கிறோம்.

இப்போது வெளிமாநிலக் கம்பெனி ஒன்று அதே மெஷினை எங்கள் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்து திண்டுக்கல், பெரம்பலூர் வரை விற்கிறது. வாடிக்கையாளர் ஒருவர் வீடியோ அனுப்பினார். பக்கத் தகட்டில் ஒரு ஓட்டை. முதல் மாடலில் மோட்டாரை வேறு இடத்தில் மாட்ட நாங்கள் போட்டது. அப்புறம் மோட்டார் இடம் மாறிவிட்டது, ஓட்டை மட்டும் அச்சிலேயே தங்கிவிட்டது. எந்தப் பயனும் இல்லாத அந்த ஓட்டை அவர்கள் மெஷினிலும் அதே இடத்தில் இருக்கிறது. ஒரே வித்தியாசம், எங்களுடையது ரப்பர் போர்த்திய உருளை, அவர்களுடையது நைலான் பிரஷ் உருளை.

வழக்குப் போட்டால் தடை கிடைக்குமா? எவ்வளவு காலம் இழுக்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சேலம்_குமரன்:
அண்ணே, அந்த ஓட்டை ஒன்றே போதுமே! நேராக ஸ்டேஷனில் புகார் கொடுத்து ஆளைத் தூக்கச் சொல்லுங்கள்.

ஒய்எம்சிஏ_எதிரில்:
குமரன் தம்பி, அது நடக்காது. காப்புரிமை மீறல் நம் நாட்டில் கிரிமினல் குற்றமே இல்லை. போலி லேபிள், திருட்டு நகல் என்றால் வர்த்தக முத்திரைச் சட்டத்திலும் பதிப்புரிமைச் சட்டத்திலும் போலீஸுக்கு வேலை உண்டு. காப்புரிமையில் சிவில் வழக்கு மட்டுமே. வக்கீலாக இருப்பதால் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும்.

குறிச்சி சார், ஓட்டையைப் பார்த்தால் எனக்கும் சிரிப்பும் கோபமும் சேர்ந்துதான் வருகிறது. ஆனால் உங்களைப் பார்த்துச் செய்தார்களா என்பது கோர்ட்டில் முதல் கேள்வி அல்ல. உங்கள் காப்புரிமை ஆவணத்தின் கடைசியில் எண் போட்டு எழுதியிருக்கும் உரிமைக்கோரல் வாசகங்களுக்குள் அவர்கள் மெஷின் விழுகிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். நீங்களே அறியாமல் ஒருவர் தனியாகக் கண்டுபிடித்திருந்தாலும் வாசகத்துக்குள் விழுந்தால் அது மீறல். அச்சு அசலாகக் காப்பி அடித்திருந்தாலும் வாசகத்துக்கு வெளியே நின்றால் மீறல் இல்லை. ஓட்டை உங்கள் பக்கத்துக்கு வலு சேர்க்கும், தீர்ப்பு வாங்கித் தராது.

இன்னொன்று, இதுதான் பலருக்கு அதிர்ச்சி. அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்த காப்புரிமை செல்லும் என்பதற்கு அரசாங்கம் உத்தரவாதம் தருவதில்லை. காப்புரிமைச் சட்டத்தின் 13(4) பிரிவு அதை வெளிப்படையாகவே சொல்கிறது. வழக்குப் போட்டதும் எதிராளி செய்யும் முதல் வேலை 64ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு 'இந்தக் காப்புரிமையே செல்லாது, ரத்து செய்யுங்கள்' என்று எதிர்க்கோரிக்கை போடுவது. நீங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் போட்டிருந்தால் அந்த நிமிடமே வழக்கு மொத்தமும் உயர் நீதிமன்றத்துக்கு மாறிவிடும். 104ஆம் பிரிவு அப்படி. ஆக வாதியாக உள்ளே போவீர்கள், பாதி வழக்கில் பிரதிவாதியாக நிற்பீர்கள். வென்றால் தடை. தோற்றால் அந்த ஒரு கம்பெனி மட்டும் அல்ல, ஊரில் யார் வேண்டுமானாலும் உங்கள் மெஷினைச் செய்யலாம்.

க்ளெய்ம்_கந்தசாமி:
காப்புரிமை முகவர் வேலையில் இருக்கிறேன். குறிச்சி சார், முதல் உரிமைக்கோரலின் வாசகத்தை இங்கே போட முடியுமா? வெளியிடப்பட்ட ஆவணம்தான், ரகசியம் போகாது.

குறிச்சி_லேத்:
ஆங்கிலத்தில் இருப்பதைச் சுருக்கித் தமிழில் தருகிறேன். "ரப்பர் உறையிட்ட ஒரு ஜோடி உருளைகள்; அவற்றின் மேல்பகுதியை நோக்கி அமைந்த காற்றுக் குழாய்கள்; உருளைகளின் சுழற்சி வேகத்துக்கு ஏற்பக் குழாய்களின் சாய்வை மாற்றும் இணைப்பு; இவை அடங்கிய வெங்காயத் தோல் நீக்கும் இயந்திரம்."

க்ளெய்ம்_கந்தசாமி:
பயந்தது சரியாகிவிட்டது. "ரப்பர் உறையிட்ட" என்ற சொல்தான் அவர்கள் நுழைந்த சந்து. மாற்றினால் தப்பிக்கலாம் என்று யாரோ விவரம் தெரிந்தவர் சொல்லிக்கொடுத்து பிரஷ் போட்டிருப்பார்கள். உங்கள் முகவரைத் திட்ட வேண்டாம். காப்புரிமை அலுவலகப் பரிசோதகர், இதே மாதிரி முன்பே வெளியான பழைய ஆவணத்தைக் காட்டி ஆட்சேபிக்கும்போது ஒரு சொல்லைச் சேர்த்துக் குறுக்கினால்தான் பல நேரம் காப்புரிமையே கிடைக்கும். பதில் கடிதக் கோப்பை எடுத்துப் பாருங்கள். ஆட்சேபம் வந்தபோது 'எங்கள் சிறப்பே ரப்பர்தான்' என்று எழுதிக் கொடுத்திருந்தால் அதை எதிர்த் தரப்பு கோர்ட்டில் எடுத்துக் காட்டும்.

அதற்காகக் கதவு மூடிவிடவில்லை. ஒவ்வொரு சொல்லும் அப்படியே பொருந்த வேண்டியதில்லை, கண்டுபிடிப்பின் சாரத்தை எடுத்துக்கொண்டு முக்கியமில்லாத ஒரு உறுப்பை மட்டும் மாற்றினாலும் மீறல்தான் என்ற கோட்பாடு இங்கே ஏற்கப்பட்டிருக்கிறது. 2022இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் சோடெஃபின் என்ற ஸ்விஸ் நிறுவனத்தின் வழக்கு வந்தது. புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் தானியங்கிக் கார் நிறுத்துமிடம் அமைத்தார்கள். காரைத் தூக்கி நகர்த்தும் வண்டி தங்களுடைய காப்புரிமையை மீறுகிறது என்பது சோடெஃபினின் புகார். சில உறுப்புகள் ஒத்துப்போகவில்லை என்று எதிர்த் தரப்பு வாதாடியும், சாரம் ஒன்றுதான் என்று நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. உங்கள் வழக்கில் சாய்வு மாறும் இணைப்புதான் சாரம், ரப்பரா பிரஷா என்பது உப விஷயம் என்று காட்ட வேண்டும்.

இங்கேதான் ஒரு இடுக்கி இருக்கிறது. 'ரப்பர் முக்கியமில்லை, சுழலும் உருளையும் காற்றும்தான் கண்டுபிடிப்பு' என்று அகலமாகப் பேசினால், பூண்டு உரிக்கும் காற்று மெஷின்களின் பழைய ஆவணங்களைத் தூக்கி வருவார்கள். அது வந்தால் புதுமை போயிற்று. குறுக்கிப் பேசினால் பிரஷ் மெஷின் வெளியே போய்விடும். உங்கள் வக்கீல் நிற்க வேண்டிய இடம் மிகக் குறுகலானது: உருளை, காற்று எல்லாம் பழசு, வேகத்தோடு சாய்வு சேர்ந்து மாறுவது மட்டும் புதுசு, அது அவர்கள் மெஷினிலும் இருக்கிறது. இதைத் தவிர ஒரு வார்த்தை அதிகம் பேசக் கூடாது.

சரி, முக்கியமான கேள்வி. அவர்கள் மெஷினில் சாய்வு உண்மையிலேயே வேகத்தோடு மாறுகிறதா? வீடியோவில் பார்த்துச் சொல்ல முடியாது.

குறிச்சி_லேத்:
மாறுவது மாதிரிதான் தெரிகிறது. கழற்றிப் பார்க்கவில்லை.

ஒய்எம்சிஏ_எதிரில்:
கழற்றிப் பார்க்காமல் கோர்ட் வாசல் மிதிக்காதீர்கள்.

மாத்திரை_மனோகர்:
ஹைதராபாத்தில் ஜெனரிக் மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கள் தொழிலே எதிர்த் தரப்பில் நிற்பது என்பதால் அந்தப் பக்கத்துக் கதையையும் சொல்கிறேன்.

எர்லோடினிப் என்ற நுரையீரல் புற்றுநோய் மாத்திரை. ரோஷ் கம்பெனி டார்சேவா என்ற பெயரில் ஒரு மாத்திரை சுமார் 4800 ரூபாய்க்கு விற்றது. சிப்லா எர்லோசிப் என்று 1600க்குக் கொண்டுவந்தது. 2008 ஜனவரியில் ரோஷ் டெல்லியில் வழக்குப் போட்டது. மார்ச்சில் இடைக்காலத் தடை மறுப்பு. 2009 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வும் மறுப்பு. காப்புரிமை செல்லுமா என்பதில் நம்பத்தகுந்த சந்தேகத்தை எதிராளி எழுப்பிவிட்டால் தடை தர வேண்டியதில்லை என்றார்கள். உயிர்காக்கும் மருந்தின் விலையும் கணக்கில் வந்தது. 2012 செப்டம்பரில் விசாரணை முடிந்து தீர்ப்பு: காப்புரிமை செல்லும், ஆனால் சிப்லா மீறவில்லை. 2015 நவம்பரில் மேல்முறையீட்டில் தீர்ப்பு: காப்புரிமை செல்லும், சிப்லா மீறியது. ரோஷ் ஜெயித்துவிட்டது! ஆனால் காப்புரிமை 2016 மார்ச்சில் காலாவதி. நாலு மாதத்துக்குத் தடை கொடுத்து என்ன பயன் என்று, இலாபக் கணக்கு மட்டும் பார்க்கச் சொல்லி முடித்தார்கள். பிறகு இரண்டு தரப்பும் சமாதானம் ஆகிவிட்டன.

அத்தனை வருடமும் சிப்லா மாத்திரை கடையில் இருந்தது. நோயாளிகள் பக்கம் நின்று பார்த்தால் எனக்கு அதில் வருத்தம் இல்லை. உரிமையாளர் பக்கம் நின்று பார்த்தால் ஜெயித்ததும் தோற்றதும் ஒன்றுதான்.

பழைய_ஃபவுண்டரி:
மருந்தை விடுங்கள், நம்ம ஊர் இன்ஜின் கதையைக் கேளுங்கள். பஜாஜுக்கும் டிவிஎஸ்ஸுக்கும் நடந்த சண்டை, மெட்ராஸ் ஹைகோர்ட்டில்.

சின்ன இன்ஜினில் ரெண்டு ஸ்பார்க் பிளக் வைத்து மெலிந்த எரிபொருள் கலவையை நன்றாக எரிய வைப்பது பஜாஜின் டிடிஎஸ்-ஐ. 2002இல் விண்ணப்பம், 2005இல் காப்புரிமை. 2007இல் டிவிஎஸ் 125 சிசி ஃப்ளேம் பைக்கை அறிவித்தது. அதிலும் ரெண்டு பிளக், ஆனால் மூணு வால்வு. பஜாஜ் பத்திரிகையில் குற்றம் சாட்டியதும், டிவிஎஸ் முந்திக்கொண்டு 'அடிப்படை இல்லாமல் மிரட்டுகிறார்கள்' என்று 106ஆம் பிரிவில் வழக்குப் போட்டது. பஜாஜ் மீறல் வழக்குப் போட்டது. 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி தடை விதித்தார். டிவிஎஸ் ஒரு பிளக்கோடு வண்டியை இறக்கியது. 2009 மே மாதம் டிவிஷன் பெஞ்ச் தடையை நீக்கியது. பஜாஜ் சுப்ரீம் கோர்ட் போனது.

2009 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது இன்றுவரை எல்லா வக்கீல்களும் மேற்கோள் காட்டுவது: இந்த வகை வழக்குகளில் இடைக்கால மனு மேலேயே வருடக்கணக்கில் சண்டை போடுகிறீர்கள், மூல வழக்கு தொடங்குவதே இல்லை; இனி தினமும் விசாரித்து நாலு மாதத்தில் முடியுங்கள். இந்த வழக்கையே அந்த வருடம் நவம்பர் 30க்குள் முடிக்கச் சொன்னார்கள். டிவிஎஸ் வண்டி விற்கலாம், விற்பனைக் கணக்கு வைக்க வேண்டும் என்றார்கள்.

நவம்பர் 30 வந்தது, போனது. 2019இல் ரெண்டு கம்பெனியும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள். பத்து வருடம். நாலு மாதம் என்று சொன்ன அதே வழக்கு!

இதை வைத்து நான் புரிந்துகொண்டது, தம்பி: காப்புரிமை வழக்கின் ஆயுள் முழுக்க இடைக்கால மனுவில்தான் இருக்கிறது. தடை கிடைத்தால் எதிராளி பேச்சுக்கு வருவான். கிடைக்காவிட்டால் நீங்கள் பேச்சுக்குப் போவீர்கள். சாட்சி, குறுக்கு விசாரணை, இறுதித் தீர்ப்பு எல்லாம் ரொம்பப் பேருக்கு வராத நாள்.

ஒய்எம்சிஏ_எதிரில்:
பழைய ஃபவுண்டரி ஐயா சொல்வதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் எல்லாம் 2009லேயே நிற்கவில்லை. மெர்க் நிறுவனம் சிடாக்ளிப்டின் நீரிழிவு மருந்துக்காக க்ளென்மார்க் மேல் 2013 ஏப்ரலில் போட்ட வழக்கில் முதலில் தடை மறுக்கப்பட்டு, 2015 மார்ச்சில் மேல்முறையீட்டில் கிடைத்து, அதே வருடம் அக்டோபரில் இறுதித் தீர்ப்பே வந்துவிட்டது. இரண்டரை வருடம். முடியும் என்பதற்கு அது சாட்சி.

2015க்குப் பிறகு வணிக நீதிமன்றச் சட்டம் வந்து பிரதிவாதியின் எதிருரைக்குக் கெடு வைத்தது. 30 நாள், அதிகபட்சம் 120 நாள். அதற்கு மேல் ஒருநாள் ஆனாலும் வாங்க மாட்டார்கள். முன்பெல்லாம் எதிருரை போடவே வருடம் போகும். 2021இல் ஐபிஏபி என்ற அறிவுசார் சொத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை மூடினார்கள். அந்த வருடமே டெல்லி உயர் நீதிமன்றம் அறிவுசார் சொத்துக்குத் தனிப் பிரிவு தொடங்கியது. சென்னையிலும் இப்போது தனிப் பிரிவும் அதற்கான விதிகளும் உண்டு. ஒரே நீதிபதி இந்த வழக்குகளையே பார்ப்பதால், உருளை என்றால் என்ன, நாசில் என்றால் என்ன என்று ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டிய தொல்லை குறைந்திருக்கிறது. வேண்டுமானால் 115ஆம் பிரிவில் விஞ்ஞான ஆலோசகரை நீதிமன்றமே அமர்த்திக்கொள்ளலாம்.

குறிச்சி சாருக்கு நாலு வருடக் காப்புரிமை என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். புதிய காப்புரிமை என்றால் அது செல்லும் என்ற அனுமானம் பலவீனம் என்று ஒரு பழைய பழக்கம் இருக்கிறது. மாணிக்கத் தேவர் எதிர் ஸ்டார் ப்ளவ் வொர்க்ஸ் என்று 1965இல் சட்ட அறிக்கையில் வந்த மெட்ராஸ் தீர்ப்பை அதற்குக் காட்டுவார்கள். ஆறு வருடம் ஆகாதது புதியது என்ற கணக்கும் இதிலிருந்து ஓடியது. இப்போது யாரும் அதை வாய்ப்பாடு போலப் பிடித்துக்கொண்டு இருப்பதில்லை, ஆனால் எதிர் வக்கீல் எடுத்து வீசத்தான் செய்வார்.

மாத்திரை_மனோகர்:
வக்கீல் சார் நல்ல உதாரணத்தையே பொறுக்கி எடுக்கிறார். பழைய பாத்திர வழக்கையும் சொல்லுங்களேன்.

ஒய்எம்சிஏ_எதிரில்:
பிஸ்வநாத் பிரசாத் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல். பாத்திரத்தைக் கடைசலில் பிடித்துக் கடைவதற்கான ஒரு சாதனம். ஐம்பதுகளின் ஆரம்பக் காப்புரிமை. சுப்ரீம் கோர்ட் 1978இல்தான் முடித்தது: இது பட்டறைக்காரன் கைத்தேர்ச்சியால் செய்யும் முன்னேற்றம், கண்டுபிடிப்பு அல்ல, ரத்து. அன்றைக்கு ஒரு காப்புரிமைக்கு இருந்த ஆயுளே அதற்குள் முடிந்துவிட்டது. 'புதுமை வேறு, கண்டுபிடிப்புப் படி (துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாத முன்னேற்றம்) வேறு' என்பதை இன்றும் அந்தத் தீர்ப்பில் இருந்துதான் தொடங்குகிறோம். குறிச்சி சார் மேல் இதே அம்புதான் வரும்: "வேகம் கூடினால் சாய்வை மாற்றுவது எந்த ஃபிட்டருக்கும் தோன்றுமே." இதற்குப் பதில் இப்போதே தயாராக இருக்க வேண்டும்.

பெரம்பலூர்_பையன்:
துறைமுகத்திலேயே பிடிக்க முடியாதா? மதுரைக்காரர் ஒருவர் ரெண்டு சிம் போனுக்குக் காப்புரிமை வாங்கி எல்லா கம்பெனிகளையும் அலற வைத்ததாகப் படித்திருக்கிறேன்.

க்ளெய்ம்_கந்தசாமி:
ராம்குமார் வழக்கு. 2002இல் விண்ணப்பம் போட்டு 2008இல் காப்புரிமை வாங்கினார். 2007இல் வந்த சுங்க விதிகளின்படி தன் காப்புரிமையைச் சுங்கத் துறையில் பதிந்து, இறக்குமதியான ரெண்டு சிம் போன்களை நிறுத்த வைத்தார். சாம்சங், ஸ்பைஸ் வரை வழக்கில் இறங்கின. 2012இல் ஐபிஏபி அந்தக் காப்புரிமையையே ரத்து செய்துவிட்டது. ஒரு தனிமனிதர் அவ்வளவு தூரம் போனதே பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அவ்வளவு பெரிய ஆட்களை ஒரே நேரத்தில் சீண்டினால், பழைய ஆவணம் தேட உலகம் பூரா ஆள் வைப்பார்கள் என்பதும் அதில் இருக்கிறது.

அந்த வழியும் இப்போது இல்லை. 2018இல் சுங்க விதிகளில் இருந்து காப்புரிமையை எடுத்துவிட்டார்கள். ஒரு பெட்டியைத் திறந்து பார்த்து உரிமைக்கோரல் மீறலைக் கண்டுபிடிப்பது சுங்க அதிகாரி வேலை இல்லை என்பது நியாயம்தானே. தவிர, குறிச்சி சாரின் எதிராளி இறக்குமதி செய்யவில்லை, இங்கேயே செய்கிறார்.

நியூஜெர்சி_நடராஜன்:
அமெரிக்காவில் காரின் மழைத்துடைப்பான் விட்டுவிட்டு ஓடும் முறைக்குக் காப்புரிமை வைத்திருந்த ராபர்ட் கேர்ன்ஸ், ஃபோர்டு மேல் 1978இல் வழக்குப் போட்டு 1990இல் 1 கோடி டாலருக்கு மேல் வாங்கினார். நம்பிக்கையை விடாதீர்கள்.

பழைய_ஃபவுண்டரி:
பன்னிரண்டு வருடம் நடராஜன். வேறு வேலை வெட்டி இல்லாமல் வழக்கையே வாழ்க்கையாக ஆக்கிக்கொண்டார் அந்த மனுஷன். குறிச்சித் தம்பிக்கு மாதச் சம்பளம் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

குறிச்சி_லேத்:
எல்லோருக்கும் நன்றி. நஷ்டஈடு பற்றி யாரும் பேசவில்லையே. டெல்லியில் லாவா கம்பெனி எரிக்ஸனுக்கு 244 கோடி கட்ட வேண்டும் என்று 2024இல் தீர்ப்பு வந்ததே?

ஒய்எம்சிஏ_எதிரில்:
அது செல்பேசித் தொழில்நுட்பத் தரத்துக்கான காப்புரிமைகள். உலகம் முழுக்கப் பலர் உரிமம் வாங்கியிருப்பதால் ஒரு போனுக்கு இவ்வளவு என்று ராயல்டி கணக்குப் போட ஆதாரம் இருந்தது. உங்களுக்கு அந்த வசதி இல்லை. நஷ்டஈடு அல்லது அவர்கள் அடைந்த இலாபம், இரண்டில் ஒன்றைத்தான் கேட்க முடியும். எத்தனை மெஷின் விற்றார்கள் என்பது அவர்கள் கணக்கில் இருக்கிறது. பில் போடாமல் விற்றது எந்தக் கணக்கிலும் இருக்காது. அதனால்தான் வழக்குப் போட்ட கையோடு வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கச் சொல்லி மனுப் போடுவோம். ஆணையர் முன்னறிவிப்பின்றி அவர்கள் பட்டறைக்குப் போய் மெஷின், அச்சு, கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் பட்டியல் எடுப்பார். அவர்கள் ஏற்கெனவே கேவியட் ('எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்' என்ற முன்மனு) போட்டு வைத்திருந்தால் அந்தத் திடீர்ப் பாய்ச்சல் கெட்டுவிடும்.

தகட்டில் எண் அடித்தது நல்ல காரியம். 111ஆம் பிரிவில் 'காப்புரிமை இருப்பதே எனக்குத் தெரியாது' என்று எதிராளி நிரூபித்தால் நஷ்டஈடு கிடையாது. வெறுமனே 'காப்புரிமை பெற்றது' என்று மட்டும் அடித்திருந்தால் போதாது, எண்ணும் வேண்டும். ஓட்டையையே காப்பி அடித்தவர்கள் தகட்டைப் பார்க்கவில்லை என்று சொல்லட்டும், குறுக்கு விசாரணையில் எனக்கு அது அல்வா.

பழைய_ஃபவுண்டரி:
என் கதையையும் சொல்லி விடுகிறேன். பம்பு இம்பெல்லர் ஒன்றுக்குக் காப்புரிமை வைத்திருந்தேன். ஒரு பார்ட்டி மேல் வழக்குப் போட்டு இடைக்காலத் தடையும் வாங்கினேன். இனிப்பு கொடுத்துக் கொண்டாடினோம். கொஞ்ச நாளில் அதே பம்பு வேறு பெயரில் வந்தது. கம்பெனி அவர் மனைவி பெயரில். இம்பெல்லர் இதழின் வளைவை லேசாக மாற்றியிருந்தார்கள். தடை பழைய கம்பெனி மேல், பழைய இதழ் மேல். நீதிமன்ற அவமதிப்பு மனுப் போட்டோம், 'இது வேறு பொருள்' என்றார்கள். அதை நிரூபிக்கத் திரும்பவும் முதலில் இருந்து வரைபடம், நிபுணர் அறிக்கை. என் பொறியாளர் சாட்சிக் கூண்டில் நின்ற நேரத்தில் அடுத்த மாடலை வரைந்திருப்பான். கடைசியில் அவரையே கூப்பிட்டு உட்கார வைத்து, பம்புக்கு இவ்வளவு என்று ராயல்டி பேசி முடித்தேன். ஒழுங்காகத் தந்தாரா என்று கேட்காதீர்கள். ஆனால் தடை உத்தரவு கையில் இல்லாமல் இருந்திருந்தால் டீ குடிக்கக்கூட வந்திருக்க மாட்டார்.

சேலம்_குமரன்:
அப்போ முதலில் வக்கீல் நோட்டீஸ் காரசாரமாக அனுப்பி விடலாமா?

ஒய்எம்சிஏ_எதிரில்:
காரசாரம் வேண்டாம். மேலே டிவிஎஸ் செய்த அதே 106ஆம் பிரிவு உங்கள் மேலும் பாயும், அதுவும் அவர்கள் ஊர்க் கோர்ட்டில். காப்புரிமை இருக்கிறது, எண் இது என்று தெரிவித்தால் மட்டும் அது மிரட்டல் ஆகாது. முக்கியமாக அவர்களுடைய டீலர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் கோபத்தில் கடிதம், வாட்ஸ்அப் எதுவும் போடக் கூடாது.

நோட்டீஸுக்குப் பின் சும்மா இருப்பதும் ஆபத்து. தெரிந்தும் வருடக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டு அவசரத் தடை கேட்டால், இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று நீதிபதி கேட்பார். வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவில் வழக்குக்கு முன்பே சமரசப் பேச்சு கட்டாயம், அவசர இடைக்கால நிவாரணம் கேட்டால் மட்டும் விலக்கு. டென்மார்க்கின் நோவென்கோ என்ற மின்விசிறிக் கம்பெனியின் வழக்கை, சமரசத்துக்குப் போகவில்லை என்று ஹிமாசலில் தள்ளிவிட்டார்கள். 2025 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றியது: மீறல் தொடர்ந்து நடக்கும்போது அவசரம் அதிலேயே இருக்கிறது, தாமதத்தை மட்டும் வைத்து விரட்டாதீர்கள் என்று. உங்களுக்குச் சாதகமான தீர்ப்பு. ஆனால் தடை கொடுக்கும்போது தாமதம் கணக்கில் வரவே வராது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

குறிச்சி_லேத்:
எங்கே போடுவது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். நான் கோவையில் இருக்கிறேன், இங்கேயே போடலாம்தானே?

ஒய்எம்சிஏ_எதிரில்:
வர்த்தக முத்திரை என்றால் வாதி தான் தொழில் செய்யும் ஊரிலேயே போடலாம், சட்டமே அந்தச் சலுகையைத் தருகிறது. காப்புரிமைச் சட்டத்தில் அது இல்லை. எதிராளி இருக்கும் ஊர், அல்லது மீறல் நடந்த ஊர். கோவையில் அவர்கள் விற்றதற்கு ஆதாரம் இருந்தால் கோவை வணிக நீதிமன்றம். எதிர்க்கோரிக்கை போட்டதும் சென்னைக்குத்தான் போகும் என்பதால், சென்னை நகருக்குள் ஒரு விற்பனை நடந்திருந்தால் அங்கே வழக்குப் போட அனுமதி கேட்கும் மனுவோடு உயர் நீதிமன்றத்திலேயே தொடங்கிவிடுவேன். ஒரு தடவை மாற்றலாகும் நேரம் மிச்சம். நஷ்டஈட்டுத் தொகையைக் கண்ணை மூடிக்கொண்டு கோடியில் எழுதாதீர்கள், தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் தொகையில் 3 சதவீதம்.

க்ளெய்ம்_கந்தசாமி:
நான் சொல்லும் வரிசை இது. சென்னையில் இருக்கும் நம்பிக்கையான ஒரு கேட்டரிங்காரர் பெயரில் அவர்கள் மெஷினை ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். டெலிவரி சலானும் சென்னை முகவரிக்கு இருக்கட்டும். நீங்களே பிரிக்க வேண்டாம். பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் முன்னால் பிரித்து, வேகத்தை மாற்றி மாற்றிக் குழாயின் கோணத்தை அளந்து, வீடியோவோடு அறிக்கை வாங்குங்கள். கூடவே, எதிராளி தேடப்போகும் பூண்டு மெஷின் ஆவணங்களை நாமே முதலில் தேடிவிடுவோம். சாய்வு மாறும் இணைப்பு அதில் எங்கேயாவது இருந்தால் வழக்கை மறந்துவிட்டு விலையைக் குறைக்கும் வழி பாருங்கள்.

குறிச்சி_லேத்:
விருகம்பாக்கத்தில் கேட்டரிங் வைத்திருக்கும் மச்சான் இருக்கிறார். அவர் பெயரில் வாங்கினால் சொந்தக்காரர் என்று சொல்லித் தள்ளிவிடுவார்களா?

ஒய்எம்சிஏ_எதிரில்:
தள்ள மாட்டார்கள். விலைக்கு விற்றது விற்றதுதான். ஆனால் வழக்குக்காகவே நாம் ஏற்பாடு செய்து வாங்கிய ஒரே ஒரு விற்பனையை வைத்துச் சென்னையில் அதிகார வரம்பு வராது என்று வாதாடுவார்கள். அதனால் சென்னையில் ஏற்கெனவே வாங்கிய இன்னொருவர், மச்சானுக்குத் தெரியாத ஒருவராக, கிடைத்தால் அவருடைய பில் நகலையும் சேர்த்து வாங்கி வாருங்கள். கோயம்பேடு பக்கம் உரித்த வெங்காயம் சப்ளை செய்பவர்களிடம் விசாரித்துப் பாருங்கள்.